வண்ண இ-ரீடர் திரையை எப்படிச் சோதித்து வாங்குவது

வண்ண இ-ரீடர், அதாவது மின்னூல் படிக்கும் கருவி, வாங்கலாமா, இன்னும் நல்லது வரட்டும் என்று பொறுக்கலாமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது: கருவிக்குள் இருக்கும் திரை விளக்கை முழுசாக அணைத்துவிட்டுத் திரையைப் பாருங்கள். நான் வாசிப்பது பெரும்பாலும் பகலில், ஜன்னலோரம், விளக்கில்லாமல். விளக்கு எரிந்தால் எந்தத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும்.

அணைத்ததும், வண்ண ரீடர்களில் பரவலாக இருக்கும் கலைடோ 3 என்ற வகைத் திரை லேசாகச் சாம்பல் அடிக்கும். அடியில் இருப்பது வழக்கமான இ-இங்க் என்ற மின்மைதான்: நுண்குமிழிகளுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னழுத்தத்துக்கு ஏற்ப மேலும் கீழும் போகும். அதன்மேல் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டி. வெளிச்சம் உள்ளே போகும்போதும் திரும்பும்போதும் அதைக் கடக்க வேண்டும். அங்கேதான் வெண்மை குறைகிறது. எழுத்துக்கு அங்குலத்தில் 300 பிக்சல், வண்ணத்துக்கு 150.

அடுத்து, தமிழ்ப் பக்கம் ஒன்றைத் திறந்து எழுத்தைச் சிறிதாக்குங்கள். மூன்று சுழி 'ண்', இரண்டு சுழி 'ன்' இரண்டையும் தேடி உற்றுப் பாருங்கள். சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டினாலோ, மேலே இருக்கும் புள்ளி மங்கினாலோ, அந்தத் திரை நீண்ட வாசிப்புக்கு ஆகாது. ஆங்கிலப் பக்கத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள், அதில் இந்தக் குறை தெரியவே தெரியாது. அப்புறம் ஒரு படத்தைத் திறந்து, உடனே எழுத்துப் பக்கத்துக்குத் தாவுங்கள். படத்தின் நிழல் எவ்வளவு தங்குகிறது என்று கவனியுங்கள்.

கேலரி 3 என்ற இன்னொரு வகை வண்ணத் திரையில் வடிகட்டியே கிடையாது. சயான், மெஜந்தா, மஞ்சள், வெள்ளை என நான்கு நிறத் துகள்களே நகர்கின்றன. அதனால் வண்ணமும் 300 பிக்சல். ஆனால் உயர்ந்த தரத்தில் ஒரு வண்ணப் பக்கம் வர ஒன்றரை வினாடி ஆகும். வண்ண வாசிப்பின் எதிர்காலம் இந்த வழியில்தான் என்று நான் நம்புகிறேன். வேகம்தான் இன்னும் அதிகரிக்க வேண்டும்.

சரி, அதுவரை பொறுக்கலாமா? வேண்டாம். பட்டாம்பூச்சிச் சிறகைப் போல ஒளியிலிருந்தே நிறம் காட்டிய, சிப் நிறுவனமான குவால்காமின் மிராசால் திரை 2011-ல் ரீடரில் வந்தது, அடுத்த ஆண்டே குவால்காம் தயாரிப்பிலிருந்து பின்வாங்கியது. வண்ணத் திரை உருவாக்கிய லிக்வாவிஸ்டா நிறுவனத்தை அமேசான் 2013-ல் வாங்கி 2018-ல் மூடிவிட்டது. அறிவிப்பை நம்பி வாசிப்பைத் தள்ளிப்போடக் கூடாது. நாவலும் கட்டுரையும்தான் என்றால் கறுப்பு வெள்ளை கார்ட்டா திரையை எடுங்கள். வரைபடம், சித்திரக்கதை, வண்ணத்தில் அடிக்கோடிட்டுப் படிக்கும் பாடநூல் என்றால் கலைடோ போதும்.