பரிதாபத்துக்கு நன்றி என்று பெயர் வைக்காதீர்கள்

கம்போடியாவின் சியம் ரீப் நகரில் ஒரு குழந்தைகள் காப்பகம். மூன்று வாரம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கிளம்பிய அன்று, ஏழு வயதுப் பையன் ஒருவன் கையால் வரைந்த அட்டையை நீட்டினான். 'நன்றி டீச்சர்' என்று ஆங்கிலத்தில் எழுதி, கீழே என் பெயர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், என் பெயருக்கு அடியில் ரப்பரால் தேய்த்த இன்னொரு பெயர் மங்கலாகத் தெரிந்தது. எனக்கு முன்னால் வந்தவர் அட்டையை எடுத்துப்போக மறந்துவிட்டார் போலும். நல்ல தாளை வீணாக்குவானேன் என்று பையன் நினைத்திருக்கிறான்.

ஏழை நாட்டுக் குழந்தைகளிடையே தன்னார்வப் பணிக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகளில் பாதியை நானே செய்து பார்த்திருக்கிறேன். ஆகவே இதைக் கொஞ்சம் உரிமையோடு எழுதலாம்.

முதல் தவறு விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்கிறது. 'அந்தப் பிள்ளைகளைப் பார்த்தால்தான் நமக்குக் கிடைத்திருப்பதன் அருமை தெரியும்' என்று எதிர்பார்த்துப் போவது. முதல் நாள் இரவு நானும் அம்மாவிடம் தொலைபேசியில் இதையேதான் சொன்னேன். அதில் எனக்கு ஒரு நெகிழ்ச்சிகூட இருந்தது. ஆனால் செய்ந்நன்றி அறிதல் என்கிறோமே, அதற்கு நன்மை செய்தவர் ஒருவர் வேண்டும். தகரக் கூரையின் கீழ் பாய் விரித்துத் தூங்கும் குழந்தை எனக்கு என்ன செய்தது? அதைப் பார்த்து எனக்கு வந்தது 'நல்லவேளை, நாம் இங்கே பிறக்கவில்லை' என்ற நிம்மதி. கம்போடியர்கள் பேசும் கெமர் மொழியில் நன்றிக்கு 'ஓகுன்' என்பார்கள். அதன் பின்பாதி, நாம் குணம் என்று சொல்லும் அதே வடசொல்தான். அங்கே அதற்கு ஒருவர் செய்த நன்மை என்று பொருள். அந்த நன்மைக்கு மகிழ்வதுதான் ஓகுன். அங்கேயும் செய்தவர் இல்லாமல் நன்றி இல்லை.

இரண்டாவது தவறு பெரியது, எந்த வாசலுக்குள் நுழைகிறோம் என்பது. கம்போடியாவில் 2005க்குப் பிறகான ஐந்தாண்டுகளில் காப்பகங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் கூடியது. அப்போது அங்கே போரும் இல்லை, பஞ்சமும் இல்லை. கூடியதெல்லாம் சுற்றுலாப் பயணிகளும் நன்கொடையும். அரசும் யூனிசெஃபும் சேர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, காப்பகக் குழந்தைகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருந்தார்கள். 2015 கணக்கெடுப்பில் 406 காப்பகங்களும் அவற்றில் 16,579 குழந்தைகளும் பதிவானார்கள். படிப்பும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கும் என்று நம்பி வறுமையில் பெற்றோரே கொண்டுவந்து விடுகிறார்கள். சில இடங்களில் ஆள் விட்டே பிள்ளைகளைத் திரட்டுகிறார்கள். பார்க்க வருகிறவர் இருக்கும்வரை காட்டப் பிள்ளைகளும் தேவைப்படுகிறார்கள். இதற்காக ஒரு குழந்தையைக் காப்பகத்துக்குள் கொண்டுசேர்ப்பதை ஆஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றுக்கொண்டது.

எனக்கு இது மூன்றாவது வாரம்தான் உறைத்தது. அட்டை கொடுத்த பையனுக்கு அம்மா இருக்கிறாள். தாய்லாந்தில் கட்டட வேலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சமையலறையில் இருக்கும் போனில் கூப்பிடுவாள். தன்னார்வலராக வர நான் காப்பகத்துக்குக் கட்டிய பணத்தில் ஒரு பங்கு அந்த வீட்டுக்குப் போயிருந்தால் அவள் எல்லை தாண்டியிருக்கவே வேண்டாமோ என்று இன்றும் தோன்றுகிறது.

ஆகவே போகும் முன் கேளுங்கள்: பிள்ளைகளின் பெற்றோர் எங்கே? வீட்டுக்குத் திருப்பி அனுப்ப ஏதாவது முயற்சி நடக்கிறதா? உங்களைப் பற்றி அவர்கள் என்ன விசாரித்தார்கள்? என்னிடம் பாஸ்போர்ட் நகலும் பணமும் மட்டும்தான் கேட்டார்கள். போலீஸ் சான்றிதழ்கூடக் கேட்கவில்லை. நம் ஊர்ப் பள்ளியில் முன்பின் தெரியாத ஒருவர் வந்து, 'மூன்று வாரம் ஒன்றாம் வகுப்பில் இருந்துவிட்டுப் போகிறேன்' என்றால் வாட்ச்மேனே உள்ளே விடமாட்டார்.

வந்த அன்றே குழந்தைகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்வதை அன்பின் பெருக்கு என்று எடுத்துக்கொள்வது அடுத்த பிழை. முன்பின் தெரியாதவரிடம் அப்படி ஒட்டிக்கொள்வது, நிலையான பராமரிப்பவர் இல்லாமல் விடுதிகளில் வளரும் பிள்ளைகளிடம் அடிக்கடி காணப்படுவது. நம்மால் அந்தப் புண் ஆறுவதில்லை. சில வாரத்தில் கிளம்பி, விட்டுப்போனவர் வரிசையில் நாமும் சேர்கிறோம்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. பாசத்தில் தலையைத் தடவுவது நமக்கு இயல்பு. அங்கே தலை புனிதமானது, தொடக்கூடாது. முகம் தெரியப் படமெடுத்துப் போடுவதைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தெருவில் கைக்குழந்தையோடு வந்து, 'காசு வேண்டாம், பால்பவுடர் வாங்கிக் கொடுங்கள்' என்று கேட்பார்கள். வாங்கிக் கொடுத்த டப்பா, நம் தலை மறைந்ததும் அதே கடைக்குத் திரும்பிவிடும். தொன்லே சாப் ஏரியில் சில படகுக்காரர்கள் வழியில் நிறுத்தி, மிதக்கும் பள்ளிக்கு என்று அரிசி மூட்டை வாங்கச் சொல்வதும் ஏறக்குறைய இந்தக் கதைதான். அங்கோர் வாட் வாசலில் 'ஒன் டாலர்' என்று அஞ்சலட்டை விற்கும் சிறுமியிடம் வாங்கினால், நாளைக்கும் அவள் பள்ளிக்குப் போகமாட்டாள். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு கடந்துதான் போக வேண்டும். எனக்கு அது வரவே இல்லை. இரண்டு முறை வாங்கினேன்.

உதவ வேண்டும் என்ற துடிப்பு தீராதவர்களுக்கு வேறு வழிகள் இருக்கின்றன. கம்போடியாவின் பட்டம்பாங் நகரில் ஃபாரே பொன்லூ செல்பாக் என்ற கலைப்பள்ளி 1994 முதல் நடக்கிறது. அகதி முகாமில் ஓவியம் பயின்ற இளைஞர்கள் ஊர் திரும்பி, தங்கள் ஆசிரியையோடு சேர்ந்து தொடங்கியது. அங்கே பயின்றவர்கள் இப்போது சியம் ரீப்பில் சர்க்கஸ் நடத்துகிறார்கள், டிக்கெட் பணம் பள்ளிக்கும் போகிறது. அல்லது உங்கள் தொழில் எதுவோ அதை உள்ளூர் ஆசிரியருக்கோ செவிலியருக்கோ சொல்லிக்கொடுங்கள். நாம் கிளம்பிய பிறகும் அவர்கள் அங்கேயே இருப்பார்கள்.

நன்றியைத் தேடிப் போன எனக்கு அது கிடைக்காமலும் போகவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தில் அது இல்லை, அவ்வளவுதான். காப்பகத்தில் சமைக்கும் அம்மாவை எல்லோரும் 'மிங்' என்பார்கள், அத்தை சித்தி மாதிரி. கம்போடியச் சமையலில் புரஹொக் என்ற ஊறல் மீன் விழுது இல்லாத குழம்பு அபூர்வம். நான் மீன் சாப்பிடமாட்டேன் என்பதை முதல் நாளே கவனித்தவர் அவர்தான். பதினெட்டு நாளும் எனக்காக ஒரு சின்னச் சட்டியில் கீரையைத் தனியாக வதக்கி, தட்டால் மூடி வைத்தார். மதியம் நான் வகுப்பிலிருந்து வெளியே வந்ததும் 'ஞாம் பாய்?' என்பார். சோறு சாப்பிட்டாயா என்று அர்த்தம். பாஷை புரியாத ஊரில் எங்கள் அத்தை கேட்பது போலவே இருக்கும்.

என் போனில் பிள்ளைகளின் படங்கள் நானூறுக்கு மேல் இருந்தன. மிங்கின் படம் ஒன்றுகூட இல்லை. பெயரையும் நான் கேட்டுக்கொள்ளவில்லை.