ஸ்டியரிங் இறுகினால் முதலில் சில்லைத் தூக்கிப் பாருங்கள்

வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராமல் நின்றால், உடனே பவர் ஸ்டியரிங் பம்பைக் குறை சொல்லாதீர்கள். முன் ரயர்களின் காற்றைப் பாருங்கள்.

காற்றுச் சரியென்றால், சமதரையில் பின் சில்லுகளுக்குக் கல் அண்டக்கொடுத்து, முன் சில்லுகள் இரண்டையும் தூக்கித் தாங்கிகளில் நிறுத்துங்கள். ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். எஞ்சினை இயக்காமல், சாவியைத் திருப்பிப் பூட்டை விடுவித்து ஸ்டியரிங்கைச் சுற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு இடங்களில் மட்டும் பிடித்தால், ஸ்டியரிங் தண்டின் அடியிலுள்ள, வளைந்து சுழல விடும் மூட்டான யுனிவர்சல் ஜொயின்ற்மேல் சந்தேகப்படலாம். எங்கும் இறுக்கமென்றால், சில்லுகளை ஸ்டியரிங்கோடு இணைக்கும் கம்பிகளான டை ரொட்களின் முனைகளைக் கழற்றிவிட்டுச் சில்லுகளைத் தனித்தனியே கையால் திருப்புங்கள். அவை இலகுவாகத் திரும்பினால் கோளாறு மேலே, தண்டின் சுழற்சியை டை ரொட்களுக்குக் கடத்தும் பற்சட்டமான ராக்கிலோ தண்டிலோ இருக்கிறது. திரும்ப மறுத்தால் பெரும்பாலும் சில்லைத் தாங்கித் திரும்ப விடும் குண்டு மூட்டான போல் ஜொயின்ற்தான்.

நெடுங்கேணிப் பக்கக் கிரவல் வீதிகளில் ஓடிய என் காரில் போல் ஜொயின்ற்றின் றப்பர் உறை நகக்கண் அளவே கிழிந்திருந்தது. உள்ளே கிறீஸ் இல்லை. செம்புழுதியும் மாரித் தண்ணீரும் குழைந்த களிதான். கராஜில் ஊசியால் கிறீஸ் ஏற்றிவிட்டார்கள். இரண்டு வாரம் தாங்கியது. பிறகு புதிதாக மாற்றி, சில்லுகளின் அலைன்மென்ற்றையும் பார்த்தேன்.