சான்டா ஆனா காற்றுக்கு வீட்டைத் தயார் செய்ய

தெற்குக் கலிபோர்னியாவில் எங்கள் வீடு மலையடிவாரத்தில். அக்டோபர் வந்தால் பாலைவனப் பக்கமிருந்து சான்டா ஆனா காற்று இறங்கும். இறங்க இறங்க அழுந்திச் சூடாகும். ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே போய்விடும்; புல்லும் புதரும் காய்ந்து காட்டுத்தீ எளிதில் பரவும். டிசம்பரோடு முடிந்தது என்று இருக்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியை எரித்த பாலிசேட்ஸ், ஈட்டன் காட்டுத்தீ இரண்டும் மூண்டது 2025 ஜனவரி 7-ல்.

நெருப்பு நேரே வந்து வீட்டைத் தொடும் என்றில்லை. பெரும்பாலும் எமன் காற்றில் பறந்து வரும் தீக்கங்குதான். அதனால் கூரையிலும் மழைநீர் வழியும் கட்டரிலும் கிடக்கும் சருகை முதலில் அள்ளுங்கள். பரணின் காற்றுத் துவாரங்களுக்கு 1/8 அங்குல உலோக வலை போடுங்கள். சுவரிலிருந்து 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் வேண்டாம்: மரச்சீவல், விறகு, தென்னைநார் மிதியடி. என் மனைவியின் கறிவேப்பிலைத் தொட்டியும் நகர்ந்தது. வீட்டில் அதற்குப் பெரிய பஞ்சாயத்தே நடந்தது.

செங்கொடி எச்சரிக்கை (தீ அபாயம் அதிகம் என்று வானிலைத் துறை விடும் ‘ரெட் ஃப்ளாக்’ அறிவிப்பு) வந்த நாளில் புல்வெட்டும் மிஷினைத் தொடாதீர்கள். பிளேடு கல்லில் பட்டால் பொறி பறக்கும். மின் கம்பெனியே முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்தலாம். அப்போது கராஜ் கதவைத் திறக்க, மோட்டாரில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையால் தூக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் இதை முன்பே செய்து பழகட்டும். காரை ரோட்டைப் பார்த்து நிறுத்துங்கள். பாஸ்போர்ட், மாத்திரை, சார்ஜர் ஒரே பையில்.

வெளியேறச் சொன்னால் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உடனே கிளம்புங்கள். ஹோஸ் பிடித்துக் கூரையை நனைத்துக்கொண்டு நிற்க வேண்டாம்.