ரோஜா இலை வெளுக்கிறதா? அடியில் பாருங்கள்

பங்குனி வெயில் ஏறியதும் மொட்டைமாடி ரோஜா, செம்பருத்தி இலைகளில் ஊசியால் குத்தியதுபோல வெளிர்ப் புள்ளிகள் வரும். உடனே உரத்தைத் தேடாதீர்கள். வெள்ளைத் தாளை அடியில் பிடித்து இலையைத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது இலைச் சாற்றை உறிஞ்சும் செஞ்சிலந்திப்பேன்.

முதல் மருந்து தண்ணீர்தான். காலையில் ஒருநாள் விட்டு ஒருநாள் இலையின் அடிப்பக்கத்தில் வேகமாகப் பீய்ச்சி அடியுங்கள். அவை இருப்பது அங்கேதான், மேலே நனைத்துப் பயனில்லை. நூலாம்படை கட்டிய இலைகளைக் கிள்ளி, பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

அடங்காவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். மாலையில் மட்டும், வெயிலில் அடித்தால் இலை கருகும். முட்டைகள் தப்பிவிடும், கோடையில் ஒரு வாரத்துக்குள் அடுத்த தலைமுறை தயார். அதனால் 5 நாள் இடைவெளியில் மூன்று முறையாவது அடிக்க வேண்டும்.

கடையில் இமிடாகுளோபிரிட் கொடுத்தால் வாங்காதீர்கள். சிலந்திப்பேன் பூச்சியல்ல, சிலந்தி போன்ற எட்டுக்கால் இனம், அதற்கு அந்தப் பூச்சிமருந்து ஏறாது. சிலந்திப்பேனைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும். அப்புறம், தொட்டி மண் காயக்கூடாது. வாடிய செடியில் இது இன்னும் வேகமாகப் பெருகும்.