துன்ப நாளில் தவறும் நிர்வாகங்கள்

பெங்களூரு பீன்யா பகுதித் தொழிற்கூடங்களில் பணியாளர் நலப் பொறுப்பில் நெடுங்காலம் இருந்த எனக்கு, "ஆட்கள் நிலைப்பதே இல்லை" என்ற முதலாளிகளின் குறை பழகிப்போன ஒன்று. தருமபுரியிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் வந்து இங்கே வாடகை வீட்டில் குடும்பம் நடத்தும் தொழிலாளர்கள், சில நூறு ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும் என்பதற்காக மட்டும் இடம் மாறுவதில்லை.

நான் பணியாற்றிய ஓர் இடத்தில், பதினொரு ஆண்டுகள் உழைத்த லேத் என்ற கடைசல் இயந்திரத்தை இயக்கும் தொழிலாளி ஒருவருக்கு நள்ளிரவில் ஊரிலிருந்து தாயின் மரணச் செய்தி வந்தது. விடுப்புக் கேட்டுத் தொலைபேசியில் அழைத்தவரிடம், காலை ஷிப்டுக்கு மாற்று ஆள் யார் என்று மேற்பார்வையாளர் கேட்டார். பதினாறாம் நாள் கருமாதி முடிந்து திரும்பியவரிடம், இறப்புச் சான்றிதழைக் கொடுத்தால்தான் சம்பளம் பிடிக்கப்படாது என்று அலுவலகம் சொன்னது. அவர் வாக்குவாதம் செய்யவில்லை. சான்றிதழைக் கொடுத்துவிட்டு, இரண்டு மாதம் கழித்துச் சம்பளம் குறைவான வேறொரு கூடத்தில் சேர்ந்துவிட்டார். முதலாளி உண்மையிலேயே நல்லவர். மருத்துவச் செலவுக்குக் கேட்டால் தயங்காமல் கொடுப்பவர். ஆனால், தொழிலாளி அன்றாடம் காணும் நிர்வாகம் மேற்பார்வையாளர்தான் என்பதை மறந்தது அவர் செய்த பெரிய தவறு. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு என்பது இன்றும் உறுத்துகிறது.

சட்டம் தந்த உரிமையைச் சலுகைபோலக் காட்டுவது அடுத்த தவறு. 2017-இல் பேறுகாலப் பயன் சட்டம் திருத்தப்பட்டதிலிருந்து முதல் இரண்டு பேறுகளுக்கு 26 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. 50 பேர் அல்லது அதற்கு மேல் பணியாற்றும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கே சென்று குழந்தையைப் பார்த்து வரலாம். காப்பகத்தைத் திறந்து வைத்துவிட்டு, தையல் இயந்திரத்தைவிட்டு எழும் பெண்ணிடம் அன்றைய உற்பத்திக் கணக்கைச் சுட்டிக்காட்டினால், அந்த அறை இருந்தும் பயனில்லை.

தொழிலாளியின் பணத்தைப் பற்றி அவருக்கே விளக்காமல் விடுவதும் நம்பிக்கையைக் குலைக்கும். வருங்கால வைப்பு நிதியில் முதலாளியின் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என்ற விதிமாற்றத்தை எதிர்த்து, 2016 ஏப்ரலில் இந்நகரின் ஆயத்த ஆடைத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், ஆயிரக்கணக்கில் சாலைக்கு வந்தார்கள். மத்திய அரசு அந்த மாற்றத்தைத் திரும்பப் பெற்றது. வீடு கட்டவும் மகளின் திருமணத்துக்கும் நம்பியிருக்கும் சேமிப்பு அது. விதியை மாற்றியது அரசுதான். ஆயினும் பிடித்தம் எவ்வளவு, கணக்கில் சேர்ந்தது எவ்வளவு என்பதைத் தமிழிலும் கன்னடத்திலும் மாதந்தோறும் எடுத்துச் சொல்வது நிர்வாகத்தின் கையில்தான் இருக்கிறது. ஆங்கிலச் சம்பளச் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொள்ளும் பலர் அதைப் படித்ததே இல்லை.

ஆயுதபூஜைக்குத் தரும் இனிப்பும் ஆண்டுவிழாப் பரிசும் மகிழ்ச்சி தருபவைதாம், அவற்றை நிறுத்தச் சொல்லவில்லை. அவற்றுக்கு முன்பாக, இரவில் சாவுச் செய்தியோ விபத்துச் செய்தியோ வந்தால் மேலிடத்தைக் கேட்காமலே விடுப்பும் முன்பணமும் கொடுக்கும் அதிகாரம் யாருக்கு உண்டு என்பதை எழுதி, அவருடைய கைப்பேசி எண்ணுடன் ஒவ்வொரு ஷிப்டின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டிவிடுங்கள்.