வெங்காயத்தை வெட்டி மலைமுகட்டைப் புரிந்துகொள்வது எப்படி?

ஒரு பக்கம் மெல்ல மெல்ல ஏறி, உச்சியைத் தொட்டதும் மறுபக்கம் சட்டென்று விழுந்துவிடும் முகடுகள் உலகெங்கும் இருக்கின்றன. புவியியலில் இவற்றுக்குக் குவெஸ்டா என்று பெயர். பூமி அந்த இடத்தை மட்டும் மேலே தள்ளிவிட்டது என்றுதான் பார்த்தவுடன் தோன்றும். நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது: சுற்றியிருந்த பாறை போய்ச் சேர்ந்தபின் மிஞ்சி நிற்கும் விளிம்பு அது.

எடுத்துக்காட்டாகத் தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு பகுதியை எடுத்துக்கொள்வோம். தேவையானவை ஒரு பெரிய வெங்காயம், கத்தி, சின்னக் கரண்டி. பிறகு சம உயரக் கோடுகள் காட்டும் ஏதாவது ஓர் இணைய வரைபடம்.

படி 1: வெட்டுங்கள்

வெங்காயத்தை வேரிலிருந்து நுனிவரை நீளவாக்கில் இரண்டாக்குங்கள். ஒரு பாதியைப் பலகையில் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்த படகு போல இருக்கும். வீல்டும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. கடலடியில் மட்டமாகப் படிந்த அடுக்குகள், ஆல்ப்ஸ் மலைகளை எழுப்பிய அதே அழுத்தத்தால் கிழக்கு மேற்காக நீண்ட மேடாக வளைந்தன.

இப்போது கத்தியைப் படுக்கையாகப் பிடித்து மேல் பகுதியைச் சீவி எடுங்கள். அரிப்பு செய்த வேலை இதுதான். வெட்டிய முகத்தில் வளையங்கள் தெரிகின்றனவா? வெளியிலிருந்து உள்ளே ஐந்து வளையங்களுக்குப் பெயர் வையுங்கள்: சாக் (வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை), களிமண், மணற்பாறை, களிமண், மணற்பாறை. கொஞ்சம் எளிமைப்படுத்தியிருக்கிறேன், ஆனால் வீல்டின் வரிசை இதுதான். உள்ளே போகப் போகப் பாறையின் வயது கூடும்.

படி 2: மெத்தென்ற அடுக்கைத் தோண்டுங்கள்

இரண்டாவது, நான்காவது வளையங்களைக் கரண்டி நுனியால் கொஞ்ச ஆழத்துக்குச் சுரண்டி எடுங்கள். இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், முழு விஷயமும் இங்கேதான் இருக்கிறது.

முதல் வளையத்தின் உள்விளிம்பைப் பாருங்கள். அடுக்கு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருப்பதால், கீழே தாங்கிய களிமண் போனதும் விளிம்பு அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிறது. விரலால் அழுத்தினால் ஒடியும். இயற்கையிலும் அது ஒடிந்து ஒடிந்துதான் செங்குத்துச் சரிவு உண்டாகிறது. வெளிப்பக்கமோ அடுக்கின் மேற்பரப்பையே ஒட்டிச் சாவகாசமாக இறங்குகிறது. ஒரே முகட்டுக்கு இரண்டு விதமான பக்கங்கள் வந்தது இப்படித்தான்.

இன்னும் ஒன்று கவனியுங்கள். ஒடிய ஒடிய முகடு நின்ற இடத்தில் நிற்பதில்லை. அடுக்கு சாயும் திசையிலேயே பின்வாங்கிக்கொண்டு போகிறது.

படி 3: வரைபடத்தில் தேடுங்கள்

வரைபடத்தில் லண்டனுக்குத் தெற்கே வடக்கு டௌன்ஸ், பிரைட்டன் நகருக்கு மேலே தெற்கு டௌன்ஸ் இரண்டையும் கண்டுபிடியுங்கள். (டௌன் என்பது பழைய ஆங்கிலத்தில் குன்றைக் குறித்த சொல்.) சம உயரக் கோடுகள் எந்தப் பக்கம் நெருக்கியடித்து நிற்கின்றன? (நெருக்கமாக இருந்தால் சரிவு செங்குத்து என்று பொருள்.) வடக்கு டௌன்ஸில் தெற்குப் பக்கம். தெற்கு டௌன்ஸில் வடக்குப் பக்கம். சுமார் 40 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு செங்குத்துகளும் ஒன்றையொன்று பார்த்து நிற்கின்றன.

தாளில் இரண்டு முகடுகளையும் வரைந்து, அவற்றின் மென்சரிவுகளை மேல்நோக்கி நீட்டுங்கள். கோடுகள் வானத்தில் சந்திக்கும். காணாமல் போன வளைவு அதுதான். வெங்காயத்தில் சீவி எடுத்த மூடியை எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

இந்த மூடி கரைய எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று 1859-இல் டார்வின் கணக்குப் போட்டார். விடை சுமார் 30 கோடி ஆண்டுகள் என்று வந்தது. கடும் விமர்சனம் எழுந்ததால் 1861-இல் வந்த பதிப்பில் அந்தக் கணக்கை எடுத்துவிட்டார். அந்தச் சாக் படியத் தொடங்கியதே ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்புதான் என்பது இன்று தெரியும். விடை தப்பினாலும், இல்லாத பாறையை அளக்கத் துணிந்த அந்தக் கேள்வி எனக்கு மிகப் பிடிக்கும்.

படி 4: சாய்வையும் அகலத்தையும் ஒப்பிடுங்கள்

வெங்காயத்தின் வெட்டிய முகத்தில் நடு வளையங்கள் அகலமாகவும் ஓரத்து வளையங்கள் ஒல்லியாகவும் இருக்கும். தோலின் தடிமன் பெரிதாக மாறவில்லை, சாய்வுதான் மாறுகிறது. கணக்காகச் சொன்னால், மட்டமான தரையில் தெரியும் அகலம் = தடிமன் ÷ சாய்வுக் கோணத்தின் சைன். 200 மீட்டர் தடிமனுள்ள அடுக்கு 2 டிகிரி சாய்ந்தால் அகலம் 5.7 கிலோமீட்டர். 30 டிகிரி சாய்ந்தால் வெறும் 400 மீட்டர்.

வடக்கு டௌன்ஸில் கில்ட்ஃபோர்டு நகரிலிருந்து மேற்கே ஃபார்ன்ஹாம் நகரை நோக்கி வரைபடத்தை நகர்த்துங்கள். கிழக்கே பல கிலோமீட்டர் அகலமாகக் கிடந்த அதே சாக், இங்கே சில நூறு மீட்டராகச் சுருங்கி, இரண்டு பக்கமும் சரிந்த ஒல்லி முகடாகிறது. அதன் உச்சியிலேயே சாலை ஓடுகிறது. பெயர் ஹாக்ஸ் பேக், அதாவது பன்றி முதுகு. அடுக்கு மிகவும் சாய்ந்துவிட்டால் குவெஸ்டாவின் இரண்டு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாடு குறைந்து இப்படி ஆகிவிடும்.

படி 5: கடினம் என்ற சொல்லைத் திருத்திக்கொள்ளுங்கள்

சாக் நகத்தால் கீறினாலே உதிரும். அப்படியிருக்க அது எப்படி முகடாக நிற்கிறது? மழைநீர் அதன்மேல் ஓடுவதில்லை, உள்ளே இறங்கிவிடுகிறது. ஓடாத நீருக்கு அறுக்கும் வேலை குறைவு. பக்கத்துக் களிமண்ணோ நீரை உள்ளே விடாது. அதன்மேல் ஓடைகள் ஓடி ஓடிப் பள்ளம் பறிக்கின்றன. சாக்கில் இறங்கிய நீர் அடியிலுள்ள களிமண்ணைத் தொட்டதும் முகட்டின் அடிவாரத்தில் ஊற்றாக வெளிவருகிறது. அந்த ஊற்றுகளை ஒட்டித்தான் பழைய கிராமங்கள் வரிசையாக அமைந்தன.

இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். நயாகரா அருவி விழும் நீண்ட முகடும் ஒரு குவெஸ்டாதான். மேலே உறுதியான டோலமைட் பாறை, கீழே மெத்தென்ற களிப்பாறை. விளிம்பு ஒடிந்து ஒடிந்து அருவி ஏறக்குறைய 12,000 ஆண்டுகளில் 11 கிலோமீட்டர் பின்வாங்கியிருக்கிறது. அந்த முகட்டின் செங்குத்துப் பக்கம் வடக்கே, ஒன்டாரியோ ஏரியைப் பார்த்து நிற்கிறது. அடுக்குகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று முதலில் எழுதி வைத்துக்கொண்டு, பிறகு வரைபடத்தைத் திறங்கள்.