இளைத்துப்போன கெக்கோவின் எடையைப் பாதுகாப்பாகக் கூட்டுவது எப்படி?

செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் பல்லி இனமான லெப்பர்ட் கெக்கோ தன் உடலின் கொழுப்பை வாலில்தான் சேமித்து வைக்கிறது. நன்றாக வளர்ந்த, ஆரோக்கியமான கெக்கோவின் வால் ஏறக்குறைய அதன் கழுத்தளவு தடிமனாக இருக்கும். அந்த வால் குச்சிபோல் மெலிந்து, இடுப்பெலும்பும் துருத்திக்கொண்டிருந்தால், கொழுப்பு மிகுந்த புழுக்களை நிறையக் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்றே பலருக்கும் தோன்றும். தயவுசெய்து அப்படித் தொடங்காதீர்கள். போதிய வெப்பமும் நீரும் இல்லாத உடலால் உணவைச் செரிக்க முடியாது என்பதால், தீனிக்கு முன்னே செய்ய வேண்டியவை சில உள்ளன.

முதலில் எடை பாருங்கள். ஒரு கிராம் வரை துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசில் காற்றோட்டமுள்ள சிறிய டப்பாவை வைத்து, அளவைச் சுழியமாக்கிய பின் கெக்கோவை அதில் விடுங்கள். வளர்ந்தவை பெரும்பாலும் 50 முதல் 80 கிராம் வரை இருக்கும். ஆனால் இந்த எண்ணைவிட, வாரந்தோறும் தீனிக்கு முன் குறித்துவரும் எடை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம். வால் அறுந்து மீண்டும் முளைத்திருந்தால் அது இயல்பாகவே பருத்துத் தெரியும்; அப்போது வாலை நம்பாமல் இடுப்பையும் எடையையும் பாருங்கள்.

அடுத்து, ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை அளித்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் புதிய எச்சத்தைக் கொடுத்துப் பரிசோதியுங்கள். கிரிப்டோஸ்போரிடியம், காக்சிடியா, ஊசிப்புழு போன்ற ஒட்டுண்ணிகள் இருந்தால் தீனி மட்டும் பயன் தராது. உண்டதைக் கக்குவது, எச்சம் நீர்த்துப்போவது, தாடை மென்மையாகிவிடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்கக் கூடாது. முடிவு வரும்வரை கெக்கோவைத் தனிப் பெட்டியில், மணலை நீக்கி, காகிதத் துண்டு விரித்து வையுங்கள்.

பெட்டியின் ஒரு பக்கத் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரையும், மறுபக்கம் 24 முதல் 26 டிகிரி வரையும் இருக்கட்டும். கெக்கோவின் செரிமானம் அது பெறும் வெப்பத்தையே சார்ந்திருக்கிறது. தெர்மோஸ்டாட் (வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத சூட்டு விரிப்பு வயிற்றைச் சுட்டுவிடும் என்பதால் அதை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். கண்கள் குழிந்திருந்தாலோ தோல் சுருங்கியிருந்தாலோ, பாதம் நனையும் அளவு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம், நீங்கள் அருகிலேயே இருந்து, நிற்க வையுங்கள்.

இனி தீனிக்கு வரலாம். நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென உணவு சேர்ந்தால் இரத்தத்தில் உள்ள உப்புகளின் சமநிலை குலைந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே முதலில் ஓரிரு சிறு பூச்சிகள் போதும். அவை செரித்து, எச்சம் கெட்டியாக வந்த பிறகு சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். கிரிக்கெட் பூச்சியோ டூபியா கரப்பானோ, கெக்கோவின் இரு கண்களுக்கு இடைப்பட்ட அகலத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. அவற்றுக்கு ஒரு நாள் முன்பே சத்தான தீவனம் கொடுத்து, கால்சியம் தூளில் புரட்டி, மாலை மங்கும் வேளையில் இடுக்கியால் மெல்ல அசைத்துக் காட்டுங்கள். வால் நுனி துடிக்கத் தொடங்கினால் அது பாயத் தயாராகிவிட்டது என்று பொருள். கையை அசைக்காமல் காத்திருங்கள். உண்ணாமல் விட்ட கிரிக்கெட்டை இரவில் பெட்டிக்குள் விட்டுவைத்தால், அது தளர்ந்த கெக்கோவைக் கடித்துவிடும்.

மெழுகுப்புழுவில் கொழுப்பு அதிகம், கால்சியம் குறைவு. அந்தச் சுவைக்குப் பழகிய கெக்கோ மற்றவற்றை ஒதுக்கிவிடும் என்பதால், அதை எப்போதாவது ஒன்றிரண்டாக மட்டும் கொடுப்பதே நல்லது.

தானாக உண்ணவில்லை என்றால் வாயைப் பிளந்து திணிக்காதீர்கள்; தாடை முறியலாம், உணவு மூச்சுக்குழாயில் போகலாம். மருத்துவர் தரும் நீர்ம உணவை மூக்கின் நுனியில் ஒரு சொட்டு தடவினால், பெரும்பாலானவை தாமாகவே நக்கிக் கொள்ளும். நன்றாகத் தின்றும் இரண்டு வாரங்களாக எடை இறங்கிக்கொண்டே இருந்தால், எடைக் குறிப்பையும் புதிய எச்சத்தையும் எடுத்துக்கொண்டு மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.